கேட்கிற இருதயம்



வேலையில் சேருவதற்கோ, வெளிநாட்டுப் பயணத்துக்கோ வாலிபப் பிள்ளைகளுக்கு உடல் பரிசோதனை செய்யும்போது இ.சி.ஜி. எடுப்பது வழக்கமாகிவிட்டது. மெஷினே அச்சடித்துத் தருகிற அந்தத் தாளின் மேல் ஓரத்தில் சில வேளைகளில் "சைனஸ் அரித்மியா" என்று இரண்டு வார்த்தைகள் இருக்கும். அரித்மியா என்றால் தாளம் தப்புதல் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். உடனே தகப்பனும் தாயும் முகம் வாடி, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்குமுன் ஜெபிக்கும்படி எங்களிடம் வருகிறார்கள். நாங்கள் ஜெபிக்கிறோம். பிறகு டாக்டர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகப்படுகிறது, விடும்போது மெதுவாகிறது. இந்த வயதில் இது நல்ல இருதயத்தின் அடையாளம். பயப்படாமல் வீட்டுக்குப் போங்கள்."

சந்தோஷமாய்த்தான் போகிறார்கள். ஆனாலும் முழுவதும் நம்பினார்களா என்பது எங்களுக்குச் சந்தேகமே. கடிகாரம்போல் அடிப்பதே நல்ல இருதயம் என்பது நம் எல்லாருடைய மனதிலும் ஊறிப்போன எண்ணம். இந்த எண்ணம் தவறு என்பதையும், அதைத் திருத்திக்கொள்வதால் சிலருடைய உயிரே காப்பாற்றப்படலாம் என்பதையும் இம்முறை படிப்போம். இதை ஹார்ட் ரேட் வேரியபிலிட்டி என்று டாக்டர்கள் சொல்வார்கள். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியின் மாறுபாடு என்று நாம் சொல்லலாம்.

முதலில் உங்கள் கையைப் பிடித்தே பாருங்கள். பெருவிரலின் அடியில், மணிக்கட்டின்மேல் மூன்று விரல்களை வைத்து நாடியைக் கண்டுபிடியுங்கள். ஐந்து எண்ணும்வரை மெதுவாக மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். இளவயதினராயிருந்தால், இழுக்கையில் துடிப்புகள் நெருங்கி வருவதும் விடுகையில் விலகுவதும் விரலுக்கே தெரியும். வயதானவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால் கலங்க வேண்டாம், வயது ஏற ஏற இந்த மாறுபாடு எல்லாருக்கும் குறையும். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்று சீட்டில் எழுதியிருந்தாலும், ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே சரியாக ஒரு செகண்டு இருக்கிறதில்லை. ஒன்று 0.92 செகண்டு, அடுத்தது 1.05, அதற்கடுத்தது 0.98 என்று போய்க்கொண்டிருக்கும். 60 என்பது சராசரி மட்டுமே.

இது ஏன்? இருதயத்தின் வலது மேல் அறையில் துடிப்பைத் தொடங்கி வைக்கும் ஒரு சிறு திசு இருக்கிறது. அதன்மேல் நரம்புகளின் ஆளுகை இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை அடிக்கும். நாம் அமைதியாக உட்கார்ந்திருக்கையில் 70 துடிக்கிறதென்றால், யாரோ கடிவாளத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். பிடித்திருப்பது வேகஸ் என்னும் நரம்பு. லத்தீனில் இந்தப் பெயருக்கு அலைந்து திரிகிறவன் என்று அர்த்தம். மூளையின் அடித்தண்டில் புறப்பட்டு, தொண்டை, நுரையீரல், இருதயம், இரைப்பை, குடல் என்று இந்த நரம்பு போகாத இடமில்லை, பொருத்தமான பெயர்தான். கடிவாளத்தைத் தளர்த்தி வேகத்தைக் கூட்ட வேண்டிய நேரத்தில் சிம்பதடிக் நரம்புகளும் சேர்ந்துகொள்கின்றன. அவற்றின் வேலை தெரியச் சில செகண்டுகள் ஆகும். வேகஸின் வேலையோ ஒரு துடிப்புக்குள்ளேயே தெரிந்துவிடும். ஆகையால்தான் மூச்சுக்கு மூச்சு துடிப்பு மாறுகிறது.

ஆலயத்தில் பாட்டுக்கு எழுந்து நிற்கிறோம். அந்த நொடியில் அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கால்களையும் வயிற்றையும் நோக்கி இறங்குகிறது. கழுத்திலுள்ள இரத்தக் குழாய்களில் அழுத்தத்தை அறியும் நரம்பு முனைகள் உண்டு. அவை உடனே மூளைக்குச் செய்தி அனுப்ப, வேகஸ் தளர, இருதயம் வேகப்பட, குழாய்கள் சுருங்க, நாம் ஒன்றும் அறியாமல் முதல் அடியைப் பாடத் தொடங்கிவிடுகிறோம். நல்ல இருதயம் உடலிலிருந்து வருகிற செய்திகளை ஓயாமல் கேட்டு, ஓயாமல் தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. துடிப்பின் மாறுபாடு அந்தக் கேட்டலின் அடையாளம்.

எபிரெய வேதத்தைப் படிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு சிறு குறிப்பு. 1 இராஜாக்கள் 3-ம் அதிகாரத்தில் சாலொமோன் கேட்ட வரத்தை நாம் ஞானமுள்ள இருதயம் என்று வாசிக்கிறோம். மூலத்தில் உள்ள வார்த்தைகள் "லேவ் ஷோமேயா". சொல்லுக்குச் சொல் எடுத்தால் கேட்கிற இருதயம் என்று வரும். அதை எழுதினவருக்கு வேகஸ் நரம்பைப்பற்றி ஒன்றும் தெரியாது. வேதத்துக்குள் விஞ்ஞானத்தைத் திணிப்பது எங்களுக்குப் பிடித்தமான காரியமுமல்ல. இந்தப் பாடத்துக்குத் தலைப்பாக இரவல் வாங்கிக்கொண்டோம், அவ்வளவே.

மூச்சோடுகூட இரத்த ஓட்டம் ஏறி இறங்குவதை இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் 1733-ல் எழுதி வைத்தார். அவர் ஒரு சபைப் போதகர் என்பதில் எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. நரம்பு எப்படி இருதயத்தோடு பேசுகிறது என்பதை 1921-ல் வெளியிட்டவர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து ஓட்டோ லோவி. ஈஸ்டரை ஒட்டிய இரவுகளில் சொப்பனத்தில் இந்தப் பரிசோதனை தமக்குத் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். முதல் இரவு விழித்து எழுதியதைக் காலையில் தம்மாலேயே வாசிக்க முடியவில்லை. மறு இரவும் அது வரவே, எழுந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது மெதுவானது. அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து மற்றதின்மேல் விட்டார், அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு ரசாயனப் பொருளின் மூலமாகவே பேசுகிறது என்று உலகம் அறிந்தது. 1936-ல் ஹென்றி டேலோடு நோபல் பரிசு பெற்றார். அவர் யூதர், 1938-ல் நாசிகள் அவரைச் சிறையிலடைத்து, பரிசுப் பணத்தையும் பறித்துக்கொண்டே நாட்டைவிட்டுப் போக விட்டார்கள்.

கடிவாளம் அறுந்தால் என்ன ஆகும் என்பதை மாற்று இருதயம் பெற்றவர்களிடம் காணலாம். 1967-ல் தென்னாப்பிரிக்காவிலும், 1994-ல் புதுடெல்லியிலும் தொடங்கிய இந்த ஆப்பரேஷனில் இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கலாம். நரம்புகளை இணைக்க முடியாது. ஆகவே புதிய இருதயம் நிமிடத்துக்கு 90, 100 என்று, மூச்சையும் பொருட்படுத்தாமல் அடித்துக்கொண்டிருக்கும். உயிர் கொடுக்கிற துடிப்புதான். ஆனாலும் கடிகாரத்துக்கு மிகவும் ஒப்பான இருதயம் அதுவே.

பிரசவ வார்டில் நம் நர்ஸம்மாமார் இந்தப் பாடத்தை நம்மைவிட நன்றாக அறிவார்கள். கர்ப்பத்திலிருக்கும் குழந்தையின் துடிப்பை மெஷின் கோடாகப் போடும்போது, அந்தக் கோடு நெளிந்து நெளிந்து போக வேண்டும். தட்டையாகிவிட்டால் முதலில் குழந்தை தூங்குகிறதா என்று பார்ப்பார்கள். நெடுநேரம் அப்படியே இருந்தால் டாக்டரைக் கூப்பிடுவார்கள். துடிப்பின் வேகம் மாறுவதற்கு முன்பே இந்த நெளிவு குறைகிறது என்பதை அமெரிக்காவில் எட்வர்ட் ஹான் என்பவர் 1960-களில் கவனித்தார்.

பெரியவர்களைக் குறித்த முக்கியமான ஆராய்ச்சி 1987-ல் வெளிவந்தது. மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேருக்கு ராபர்ட் கிளைகரும் அவருடைய குழுவினரும் 24 மணி நேர இ.சி.ஜி. எடுத்தார்கள். துடிப்பின் இடைவெளி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதற்கு ஓர் அளவு வைத்தார்கள். அந்த அளவு 50 மில்லி செகண்டுக்குக் குறைவாக இருந்தவர்கள் மரிக்கும் அபாயம், 100-க்கு மேல் இருந்தவர்களைவிட 5.3 மடங்கு அதிகமாயிருந்தது. ஒரே வியாதி, ஒரே வார்டு, அடுத்தடுத்த கட்டில். இருவரில் யாருக்கு அதிகக் கவனம் தேவை என்பதை இந்த மாறுபாடு முன்னதாகவே காட்டிக்கொடுத்தது.

இனி, இந்தப் பாடத்தை எழுதத் தூண்டின காரியத்துக்கு வருகிறோம். நம் ஊர்களில் சர்க்கரை வியாதி இல்லாத வீடு அரிது. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதிருந்தால் அது நரம்புகளை அரிக்கிறது. பாதம் மரத்துப்போவதை எல்லாரும் அறிவோம். அதேவிதமாக இருதயத்துக்குப் போகிற நரம்புகளும் மரத்துப்போகும் என்பதைச் சபையாரில் அநேகர் கேள்விப்பட்டதேயில்லை. வேகஸ் உடலிலுள்ள நீளமான நரம்புகளில் ஒன்று. ஆகவே முந்திச் சேதப்படுகிறவைகளில் அதுவும் ஒன்று. பாதத்தில் ஆணி ஏறினாலும் தெரியாததுபோல, இருதயத்தில் அடைப்பு ஏற்பட்டாலும் சிலருக்கு வலி தெரியாமற்போகும்.

வார்டில் நாங்கள் சந்தித்த ஒரு விவசாயி, ஐம்பது வயதைக் கடந்தவர். நெடுநாளாகச் சர்க்கரை உண்டு. ஒரு நாள் மத்தியானம் வயலில் திடீரென்று வேர்த்து ஊற்றியது, குமட்டியது. பித்தம் என்று நினைத்து ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார். மறுநாள் மூச்சு வாங்கினபிறகே அழைத்து வந்தார்கள். இ.சி.ஜி.யில் முந்தின நாளே மாரடைப்பு வந்து போனது தெரிந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இருதயத்தின் பலம் பாதியாகக் குறைந்துவிட்டது, பழையபடி ஏர் பிடிக்க முடியாது. அவர் மனைவி எங்களிடம் கேட்டார்: "வலிக்காத வியாதிக்கு யார் ஐயா ஆஸ்பத்திரிக்கு வருவாங்க?"

மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு இது பழக்கமான கேள்வி. கொல்லிமலையில் மிஷனெரிகளின் மகனாகப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூருக்கு வந்து, குஷ்டரோகிகளின் விரல்கள் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். வியாதி நேரடியாக விரலைத் தின்பதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் புண்ணாக்கிக்கொண்டுமே கைகளை இழக்கிறார்கள் என்று காட்டினார். வலியை நீக்கும்படி கட்டிலருகே ஜெபிக்கிற எங்களுக்கு, வலியில்லாமையும் ஒரு வியாதி என்று கற்றுக்கொடுத்தவர் அவர். சர்க்கரை வியாதியஸ்தரின் இருதயத்துக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

வலி சொல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் துடிப்பின் மாறுபாடு உதவுகிறது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்து டாக்டர்கள் யூவிங், கிளார்க் என்பவர்கள் 1970-களிலும் 80-களிலும் சில எளிய சோதனைகளை ஒழுங்குபடுத்தினார்கள். அதில் ஒன்று, நிமிடத்துக்கு ஆறு மூச்சு விடச் சொல்லி இ.சி.ஜி. எடுப்பது. புதிய கருவி ஒன்றும் வேண்டாம். உங்கள் காணிக்கையால் வாங்கப்பட்டு வெளிநோயாளர் பிரிவில் இருக்கிற சாதாரண மெஷின் போதும். ஒரு நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர் தாள் செலவாகும். மற்றபடி வேண்டியது ஓர் அடிக்கோல்.

தாள் ஒரு செகண்டுக்கு 25 மில்லி மீட்டர் நகர்கிறது. மூச்சை இழுக்கையில் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 20 மில்லி மீட்டர் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 1500-ஐ 20-ஆல் வகுத்தால் 75. விடுகையில் 25 மில்லி மீட்டர் இருந்தால், 1500-ஐ 25-ஆல் வகுக்க 60. வித்தியாசம் 15. ஆறு மூச்சுக்கும் இப்படிப் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். 15-ம் அதற்கு மேலும் நல்லது, 11 முதல் 14 வரை கவனிக்க வேண்டியது, 10-ம் அதற்குக் கீழும் நரம்பு சேதப்பட்டிருப்பதன் அடையாளம் என்று அவர்கள் வகுத்தார்கள். முதியோருக்கு இந்த அளவை அப்படியே வைக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அறிகுறிகளும் இருந்து இச்சோதனைகளிலும் தேறாத சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மரித்ததாக எடின்பரோ குழுவினர் 1980-ல் எழுதினார்கள். இதை வாசித்துத் திகைக்க வேண்டாம். அவர்கள் வியாதி முற்றினவர்கள். அநேகர் சிறுநீரகம் கெட்டு மரித்தார்கள். சிகிச்சையும் இப்போது எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. 1993-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 பேரை வைத்து முடிந்த ஒரு பெரிய ஆராய்ச்சி, முதலாம் வகைச் சர்க்கரை வியாதியை ஆரம்பத்திலேயே நன்றாகக் கட்டுப்படுத்தினால் நரம்புச் சேதம் வெகுவாகக் குறைகிறது என்று நிரூபித்தது. போன நரம்பைத் திரும்பப் பெறுவது அரிது, இருப்பதைக் காக்கலாம். ஆகையால்தான் காலம் தாழ்த்த வேண்டாம் என்கிறோம்.

சில எச்சரிப்புகளும் அவசியம். சீரில்லாத துடிப்பெல்லாம் நல்லது என்று இதை வாசித்து முடிவு செய்துவிடாதேயுங்கள். வாத ஜுரத்தால் இருதய வால்வு கெட்டுப்போன ஏழைத் தாய்மாரை இன்னும் காண்கிறோம். அவர்களில் பலருக்கு மேல் அறைகள் தாறுமாறாய் நடுங்குவதால் நாடி கண்டபடி துடிக்கும். அது மூச்சோடு இசைந்து ஏறி இறங்குவதில்லை. அதற்கு ஒரு ஒழுங்கும் கிடையாது. அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடிய வியாதி, உடனே மருத்துவம் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பின புதுவிதக் கைக்கடிகாரங்கள் தினமும் காலையில் இந்த மாறுபாட்டை ஒரு எண்ணாகக் காட்டுகின்றன. கணவன் 22, மனைவி 41 என்று ஒப்பிட்டு மனம் கலங்குகிறவர்களும் நம் நடுவில் உண்டு. ஒருவருடைய எண்ணை மற்றவருடையதோடு ஒப்பிடுவதில் பிரயோஜனமில்லை. வயது, தூக்கம், ஜுரம், புகையிலை, மதுபானம், மனச்சோர்வு, மாத்திரைகள் எல்லாம் அதை மாற்றும். அந்த எண்ணை உயர்த்துவதையே குறியாகக் கொள்வதும் சரியல்ல. 1989-ல் நடந்த ஒரு சம்பவத்தை டாக்டர்கள் மறக்கவில்லை. மாரடைப்புக்குப்பின் வருகிற தப்புத் துடிப்புகளை அடக்க என்கைனைடு, ஃபிளிக்கைனைடு என்னும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். தாளில் துடிப்பு அழகாகச் சீர்ப்பட்டது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களே அதிகமாக மரித்தார்கள், சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

குருவானவர் எழுதுகிற பாடத்தில் ஜெபத்தைக் குறித்து ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற விதத்தில் அல்ல. 2001-ல் இத்தாலியில் லூச்சியானோ பெர்னார்டி என்பவரும் குழுவினரும் 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லச் செய்தார்கள். மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்து, இருதயத்தின் மாறுபாடு ஒழுங்காகக் கூடியது. இதைக் கேட்டவுடன் துண்டுப்பிரதி அச்சடிக்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். ஆனால் அதே ஆராய்ச்சியில் பெளத்த மந்திரம் ஒன்றையும் சொல்லச் செய்தார்கள், பலன் அதேதான். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்னும் நிதானத்துக்கு உடல் தரும் பதில் அது. மூச்சுக்குச் சேரவேண்டியதை ஜெபத்தின் கணக்கில் வரவு வைப்பது உண்மையுமல்ல, ஜெபத்துக்கு மரியாதையுமல்ல. மேலும் ஜெபிக்கிற யாவரும் நிதானமாய் மூச்சு விடுகிறார்களா என்ன? எங்கள் உபவாசக் கூட்டங்களுக்கு வந்து பார்த்தவர்கள் அறிவார்கள். இருதய வார்டில் நாங்கள் ஜெபிப்பது எண்கள் உயரும்படியாக அல்ல. அந்த மனைவியின் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத நேரத்திலும் அவரோடு உட்கார்ந்திருக்கும்படியாகவே.

ஆகவே உங்கள் வீட்டில் சர்க்கரை வியாதியுள்ளவர் இருந்தால், அல்லது அது நீங்களே ஆனால், இவைகளைக் கவனியுங்கள். பாட்டுக்கு எழும்போது கண் இருட்டுகிறதா? சும்மா இருக்கையிலும் நாடி நிமிடத்துக்கு நூறை ஒட்டியே ஓடுகிறதா? காரணமில்லாமல் வேர்வையும் மூச்சு வாங்குதலும் குமட்டலும் வருகிறதா? கடைசியாகச் சொன்னது வந்தால் மறுநாள்வரை பொறுக்க வேண்டாம், வலி இல்லாவிட்டாலும் அந்த மணி நேரமே வாருங்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்கள் வியாதி தெரிந்தபோதே நரம்புகளைச் சோதித்துக்கொள்வது நல்லது. முதலாம் வகைக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து.

மூச்சுச் சோதனைக்கு வருகிறவர்கள் அன்று காலை காப்பியும் புகையிலையும் தவிர்க்க வேண்டும். சாப்பிடுகிற மாத்திரைகளைத் தாங்களாக நிறுத்தாமல், சீட்டுகளை எல்லாம் எடுத்து வந்து டாக்டரிடம் காட்டட்டும். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் துடிப்பின் வேகத்தை மாற்றும். சிறிது நேரம் அமைதியாக உட்கார வைப்பார்கள். பிறகு நர்ஸம்மா எதிரே நின்று கையை மெதுவாக உயர்த்துவார். கை உயரும்போது மூச்சை இழுங்கள், தாழும்போது விடுங்கள். ஆறு முறை.